காதுக்காரக்கா போட்ட மஞ்சள் கோடு

குடிநீர் அலுவலகத்தில் அவளைக் காதுக்காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பாள். பிறகு அவளே கடப்பாரையோடு இறங்கித் தோண்டி அடைப்பாள். பதினெட்டு வருடத்தில் துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய நகரத்தில் அவள் குழி தோண்டாத தெருவே கிடையாது.

வேலை ஓயாததற்குக் காரணம் உப்பு. கடல்நீர் மண்ணில் ஊறி இரும்புக் குழாய்களைத் தின்றுகொண்டிருந்தது. அவள் குடியிருந்த கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் பாதி நாள் காற்று வரும். மீதி நாள் கரிக்கும் தண்ணீர் வரும். பேருந்து ஓட்டும் அவள் கணவர்தான் தினமும் மூன்று மாடி குடம் சுமந்தார்.

கடைசியில் குழாய், மின்கம்பி, கழிவுநீர் எல்லாவற்றையும் ஒரே பள்ளத்தில் புதிதாகப் போடும் திட்டம் வந்தது. மண்ணுக்குள் ஊடுருவிப் பார்க்கும் கருவியைத் தெருத்தெருவாக உருட்டினார்கள். உப்பு ஊறிய ஈர மணலில் அதற்கு எதுவும் புலப்படவில்லை. வேறு வழியில்லாமல் ஐம்பது வருடப் பழைய வரைபடத்தை நம்பி, படகுக் கொட்டகைத் தெருவில் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

காதுக்காரக்கா போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"இங்க வேண்டாம் சார். அடியில பெரிய கேபிள் போகுது."

தலைமைப் பொறியாளர் படத்தை விரித்துக் காட்டினார். அதில் கேபிள் எதிர்ச்சுவரை ஒட்டி ஓடியது.

"அப்புறமா மாத்திப் போட்டிருப்பாங்க சார். ஒன்பது வருஷம் முன்னாடி இதே இடத்துல ஒழுக்கு அடைச்சேன். கேபிள் மேல அடுக்கின செங்கல் என் கடப்பாரையில இடிச்சுது."

இந்த அம்மா பேச்சைக் கேட்டால் வேலை நடந்தாற்போலத்தான் என்று ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார். அவளுக்கும் முழு நிச்சயமில்லை. நினைவு பிசகியிருந்தால் மானம் போகும். ஆனாலும் நகரவில்லை.

பொறியாளர் இயந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டு மண்வெட்டி கேட்டார். முழங்கால் ஆழம் வரை வெறும் மணல். இடுப்பளவுக்குப் போனபோது 'டக்' என்றது. செங்கல் வரிசை. அதை நகர்த்தினால், கை தடிமனில் கறுப்புக் கேபிள். மருத்துவமனைக்கு மின்சாரம் போவதே அதில்தான். மண்வாரி ஓட்டுநர் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போய் இயந்திரத்தைப் பத்தடி பின்னால் நகர்த்தினார்.

பொறியாளர் மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இனிமே முதல்ல நீங்க கோடு போடுங்கம்மா. அப்புறம்தான் இயந்திரம் இறங்கும்."

ஆறு மாதம், பதினொரு தெரு. சந்தேகமான இடங்களில், தனக்குத் தெரியவில்லை, கையால் தோண்டுங்கள் என்று கூச்சமில்லாமல் சொன்னாள். ஒரு கேபிள் அறுபடவில்லை. பழைய வீட்டுச் சுவர் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அக்கா கோடு போட்டாச்சா என்று கேட்காமல் ஒப்பந்தக்காரரே வேலையைத் தொடங்குவதில்லை.

தண்ணீர் விட்ட காலையில் வால்வைத் திருகியதும் அவள்தான். திருகிவிட்டு மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி ஓடினாள். சமையலறைக் குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு சீறிக்கொண்டு கொட்டியது. அள்ளிக் குடித்தாள். துளி உப்பில்லை. தெரு நெடுக ஜன்னல்கள் திறந்து, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று சத்தம். கணவர் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டவர், ஒரு மணி நேரம் வெளியே வரவேயில்லை.

மறுவாரம் புது வரைபடம் அச்சாகி வந்தது. பொறியாளரின் பெயருக்கு மேலே அவள் பெயர் இருந்தது. ஒரு பிரதி கேட்டு வாங்கி, கூடத்துச் சுவரில் பெரிதாக ஒட்டினாள். தன் பரீட்சை அட்டவணையை எங்கே ஒட்டுவதாம் என்று மகள் சண்டைக்கு வந்தாள்.