‘புரியல’ கோரா

பேராசிரியர் ரென்விக் இன்னும் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குள் முதல் வரிசையின் நடுவில் ஒரு மெலிந்த கை நெட்டுக்குத்தாக உயர்ந்து நிற்கிறது. கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. முந்நூறு பேர் உட்காரும் தத்துவ வகுப்பு அரங்கம் இது. பின்வரிசை மடிக்கணினிகளில் கால்பந்தும் காலணி விற்பனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

“எனக்குப் புரியல,” என்கிறாள் கோரா ஓஸ்டர்காம்ப்.

ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் கடைசி வரிசைவரை போகும். முதல் வாரம் அதைக் கேட்டு அரங்கமே முனகியது. “ஆரம்பிச்சுட்டாடா,” என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டதும் என் காதில் விழுந்தது. நாலாவது வாரம் அவளுக்குப் பின்னால் உட்காரும் ஐஸ் ஹாக்கிக்காரன் ஒருவன் அவள் தோளைத் தட்டி, “எனக்கும் புரியல. நீயே கேட்டுடேன்,” என்றான். அக்டோபர் பிறப்பதற்குள் ‘புரியல கோரா’ என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அவள் கை உயர்ந்தால் கால்பந்துத் திரைகள் மூடிக்கொள்ளும். ரென்விக் அம்மையாரே ஒருநாள் பேச்சை நிறுத்தி முதல் வரிசையைப் பார்த்து, “என்ன கோரா, இன்னும் கையைத் தூக்கல? நான் ஏதோ தப்பா எளிமையா சொல்லிட்டேன் போல,” என்றார்.

நான் கோராவோடு மூன்றாம் ஆண்டாக ஒரே வீட்டில் குடியிருப்பவள். படிப்பது புள்ளியியல். எங்கள் பல்கலைக்கழகத்தில் யார் எதைப் படித்தாலும் தத்துவம், வரலாறு, மொழி என்று லிபரல் ஆர்ட்ஸ் பக்கத்திலிருந்து சில பாடங்களாவது எடுத்தே ஆகவேண்டும். என்போன்றவர்களுக்கு அது கசாயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு ஓடிவிடுவோம். கோராவுக்கோ அதுவே சாப்பாடு. பட்டம் தத்துவத்தில் என்றாலும் பருவத்துக்கு ஒரு பாடமாவது தனக்குச் சம்பந்தமே இல்லாததாக எடுப்பாள். ஒருமுறை லத்தீன், ஒருமுறை மண்ணியல். மண்ணியல் வகுப்பில் களிமண்ணையும் வண்டலையும் பிரித்தறிய, எல்லோரும் விரலால் தேய்த்துப் பார்த்தபோது இவள் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாளாம். “பல்லுக்குத் தெரியறது விரலுக்குத் தெரியாது, டெஸ்,” என்று எனக்கு விளக்கம் வேறு.

நடந்துகொண்டே படிப்பாள். விளக்குக் கம்பத்தில் மோதினால் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்பாள். ஆப்பிளைக் கொட்டையோடு தின்பாள். குளியலறையில் தனக்குத்தானே எதிர்வாதம் செய்வாள், இரண்டு பக்கமும் தோற்றுப்போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவாள்.

ஐயோவாவின் மேற்குக் கோடியில், ஒரே ஒரு சிக்னல் விளக்குள்ள ஊர் அவளுடையது. அம்மா அங்கே முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டு படித்தபோது நன்றிநாள் விருந்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்த அவள் மாமா கத்தியை நீட்டிக் கேட்டார்:

“இந்தத் தத்துவத்தப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?”

“எதைக் கிழிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கப் போறேன், மாமா.”

மேசையே சிரித்தது, மாமாவும் சிரித்தார். கோராவுக்கு நாக்கு அப்படி. அந்த நாக்குதான் கடந்த அக்டோபரில் அவளை ஒரு வம்பில் மாட்டிவிட்டது.

அன்றைக்கு ரென்விக் போட்ட கேள்வி இது: சாகப்போகிற ஒருவருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். அவர் போய்விடுகிறார். வேறு யாருக்கும் அந்த வாக்குத் தெரியாது. அதை மீறினால் தப்பா?

கோரா தப்பில்லை என்றாள். நஷ்டப்பட ஆள் இருந்தால்தானே தப்பு? அவள் அடுக்கிய மூன்று காரணங்களையும் ரென்விக் பலகையில் எழுதினார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். பச்சைத் தொப்பி, பழுப்பு நிற முரட்டுச் சட்டை, செம்பட்டைத் தாடி. அதுவரை அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“ஒருத்தர் நம்ம வாக்க நம்பி நிம்மதியா கண்ண மூடறாருன்னு வச்சுக்கோங்க,” என்று தடுமாறினான். “அப்புறம் நாம அத மீறினா... அந்த நிம்மதி பொய்யாயிடும் இல்லையா?”

கோரா திரும்பிப் பார்த்தாள். “போன வருஷத்து நிம்மதிய இந்த வருஷம் எப்படிப் பொய்யாக்க முடியும்? நேத்துத் தின்ன கேக்க இன்னிக்கு யாராவது திருடிட்டுப் போக முடியுமா?”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. ஹாக்கிக்காரன் மேசையைத் தட்டினான். பையன் காதுவரை சிவந்து உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு, கூடவே இலவங்கப்பட்டை ரோல். நான் அந்தக் கேக் கதையை இன்னொரு தோழிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கோரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அவன் சொன்னது கேக் மாதிரி இல்ல.”

“என்னடி?”

“கேக்கத் தின்னா தின்னதுதான். வாக்கு அப்படி இல்லயே. குடுத்த அன்னிக்கு அது மெய்யா பொய்யான்னு யாருக்கும் தெரியாது. பின்னால நாம நடந்துக்கறத வச்சுத்தான் தெரியும். செத்தவரு நம்பினாரே, அந்த நம்பிக்கைய மெய்யாக்கறதும் பொய்யாக்கறதும் இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. அவன் அதத்தான் சொன்னான். எனக்குப் பதில் இல்ல. அதனால கேலி பண்ணி உட்கார வச்சுட்டேன்.”

“ஜெயிச்சியே, விடு.”

“சிரிக்க வச்சேன், டெஸ். ஜெயிக்கல.”

குழம்பு ஆறி, மேலே கொழுப்புப் படியும்வரை அவள் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை கடைசி வரிசையில் பச்சைத் தொப்பி இல்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. கோரா கதவருகே நின்று வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். முப்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் பெயர் தெரியாத ஒருவனை எங்கே போய்த் தேடுவது? துணை ஆசிரியரைக் கேட்டாள். மாணவர் விவரம் தருவதற்கில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். பிறகு அவன் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பிடித்தாள்.

“பேரா? தெரியாதே,” என்றாள் அந்தப் பெண். “ஆனா கிட்ட வந்தா பன்னி வாசனை அடிக்கும்.”

கோராவின் முகம் மலர்ந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் பன்றிக் கொட்டகை ஒன்றுதான் உண்டு. வேளாண் கல்லூரிக்கும் அப்பால், மக்காச்சோள வயல் தொடங்கும் இடத்தில். புதன்கிழமை மதியம் என் காரில் போனோம்.

அவன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். கோராவைக் கண்டதும் முகம் இறுகியது.

“என்ன, இன்னொரு கேக் கொண்டாந்திருக்கியா?”

“இல்ல. நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“எப்பலேருந்து சரியாச்சு?”

“அன்னிக்குச் சாயங்காலம் சாப்பிடறப்பலேருந்து.” வீட்டில் சொன்னதை அப்படியே அவனிடமும் சொன்னாள். அவன் குழாயை மூடினான்.

“அய்யோ,” என்றான். “நீ சொன்னதுதான் சரின்னு நான் முடிவே பண்ணிட்டேனே.”

அவன் பெயர் கார்வின் ஹூக்ஸ்ட்ரா. மார்ச் மாதம் அப்பா இறந்துபோனார். என்ன ஆனாலும் படிப்பை முடித்துவிட்டுத்தான் பண்ணைக்குத் திரும்புவேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று வாக்குக் கொடுத்திருக்கிறான். கேட்க வேறு யாரும் பக்கத்தில் இல்லை. இப்போது அம்மா தனியாகப் பன்றிகளோடு மாரடிக்கிறார்.

“ரெண்டு மாசமா தூக்கம் இல்ல. போறதா இருக்கறதான்னு. அன்னிக்கு வகுப்புல நீ பட்டுன்னு உடைச்சுட்ட. செத்தவருக்கு நஷ்டம் இல்லன்னா, அப்புறம் என்ன? சாமான் எல்லாம் கட்டிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்பறேன்.”

ஒரு பன்றி வந்து கோராவின் காலணியை முகர்ந்துவிட்டுப் போனது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் படிப்பை விட்டுவிட்டு மூட்டை கட்டியிருக்கிறான்.

“நீ போறதும் இருக்கறதும் உன் வீட்டு விஷயம்,” என்றாள் மெதுவாக. “நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா போறதுன்னா வேற காரணம் தேடிக்கோ. என் காரணத்த எடுத்துட்டுப் போகாத. அது ஓட்டைச் சாக்கு. ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் கொட்டிடும்.”

“அப்ப வாக்கு குடுத்தா எப்பவுமே மீறக் கூடாதா? அம்மா திண்டாடினாக்கூடவா?”

“அதான் எனக்குப் புரியல,” என்றாள் கோரா.

இருவரும் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அப்பா எதற்காக அந்த வாக்கைக் கேட்டார், இன்றைக்கு இருந்தால் என்ன சொல்வார், ஒருவர் வாங்கிய வாக்கை இன்னொருவர் விடுவிக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். வகுப்பறையில் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய அதே கேள்விகள்தான். இங்கே அதில் ஒருவனுடைய அடுத்த வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

“அம்மாவக் கேட்டியா?” என்றாள் கோரா.

“கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா வேணாம்னுதான் சொல்லும்.”

“அப்பாவுக்கு வாக்குக் குடுத்த. அம்மாவுக்காக முடிவு எடுத்த. அவரக் கேக்க முடியாது, சரி. இவங்களக் கேக்க முடியுமே?”

கார்வின் தாடியைச் சொறிந்துகொண்டான். பிறகு போனை எடுத்தான். அவன் பேசி முடிப்பதற்குள் மறுமுனையிலிருந்து வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

“யாருடா உன்ன வரச் சொன்னது? உனக்கு அடங்கறத விட பன்னிங்க எனக்கு நல்லா அடங்கும்!” சற்றுப் பொறுத்துக் குரல் தணிந்தது. “தனியா இருக்கறது கஷ்டமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. வெள்ளிக்கிழமை வா. ஞாயித்துக்கிழமை திரும்பிப் போயிடு.”

கார்வின் போனை வைத்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். குழாயைத் திறந்து, கழுவின இடத்தையே மறுபடியும் கழுவினான். நாங்கள் கிளம்பும்போது, “நாளைக்கு வகுப்புல நான் இதச் சொல்லலாமா?” என்று கோரா கேட்டாள். “அப்பா விஷயம் வேணாம். வாதத்த மட்டும்.” அவன் திரும்பாமலே தலையசைத்தான்.

மறுநாள் அவள் கையைத் தூக்கியதும் எல்லோரும் வழக்கமான அந்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். கோரா எழுந்து நின்றாள். அரங்கத்தின் பக்கம் முழுக்கத் திரும்பினாள்.

“போன வாரம் நான் ஒரு கேலி பண்ணேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நான் சொன்னது தப்பு. கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காரே, அவர் பேரு கார்வின் ஹூக்ஸ்ட்ரா. அவர் சொன்னத இப்ப நான் ஒழுங்கா சொல்லிப் பாக்கறேன். தப்பா சொன்னா அவரே திருத்துவாரு.”

சொன்னாள். அவன் சொன்னதை விடத் தெளிவாக, தன்னுடைய மூன்று காரணங்களும் எங்கெங்கே விழுகின்றன என்று காட்டிச் சொன்னாள். இடையில் இரண்டு முறை பின்னாலிருந்து, “அப்படி இல்ல,” என்று குரல் வந்தது. இரண்டு முறையும் நின்று, கேட்டு, மாற்றிச் சொன்னாள். யாரும் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. மடிக்கணினி எதுவும் திறந்திருக்கவில்லை. ரென்விக் பலகையின் பக்கம் திரும்பி, தலைப்பாக ‘ஹூக்ஸ்ட்ராவின் வாதம்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அந்தப் பெரிய அரங்கத்தில் கோராவைத் தவிர யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழக்கம் இல்லை. அன்று முந்நூறு பேரும் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்கள், நானும்தான்.

தப்பை ஒப்புக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு காதாக ஒப்புக்கொள்வார்கள். எத்தனை பேர் முன்னால் ஜெயித்தாளோ அத்தனை பேர் முன்னாலும் அதைத் திருப்பிக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான். அன்று சாயங்காலம் கேட்டேன், வெட்கமாக இல்லையா என்று. “இருந்துச்சு,” என்றாள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே. “அதுக்காக?”

கார்வின் போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறான், ஞாயிறு சாயங்காலம் அதே வாசனையோடு வருகிறான். இந்தப் பருவத்தில் யாரும் கட்டாயப்படுத்தாமலே தத்துவத்தில் இன்னொரு பாடம் எடுத்திருக்கிறான். கொட்டகையில் கூட வேலை செய்கிறவர்கள், “சாமியார் வந்துட்டாருடா,” என்று ஓட்டுகிறார்களாம். கோராவும் அவனும் இன்னும் பல விஷயங்களில் ஒத்துப்போகவில்லை. வாக்குக் கேள்வியில்கூட அவனுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் முளைத்திருக்கிறது.

நேற்று ஜனவரிக் குளிர் கண்ணீரை உறையவைக்கும் அளவுக்கு இருந்தது. நான் பல்கலைக்கழகப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். நூலக நிறுத்தத்தில் கோரா நின்றாள், பக்கத்தில் கார்வின். அவன் எதையோ சொல்லத் திணறிக்கொண்டிருந்தான். வாயிலிருந்து வார்த்தையை விடப் புகைதான் அதிகம் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் காத்துப் பார்த்தார், ஹாரன் அடித்தார், “ஏம்மா, வரியா இல்லியா?” என்று கத்தினார். கோரா திரும்பவில்லை. காதை மூடியிருந்த கம்பளித் தொப்பியின் ஓரத்தை அந்தக் குளிரில் மேலே தூக்கிவிட்டு, சிவந்த காதை அவன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.