மைக்கு அடியில் ஒரு பெயர்

இளம் ஆய்வாளனாக இருந்தபோது, குன்னத்தூர்ப் பக்கத்து ஓலைச்சுவடி ஒன்றில் குளம் வெட்டியவரின் பெயர்மீது பேனா மையைப் பூசி மறைத்தேன். அந்தப் பெருமை தம் குடும்பத்துக்கே வேண்டும் என்று சுவடியை வைத்திருந்த பண்ணையார், ஊரார் வாயில் பண்ணாடி, கேட்டார். நான் இசைந்தேன்.

இன்று அதே ஊரில், ஒரு பனியன் கம்பெனியில் நிற்கிறேன். குளம் வெட்டிய ராக்கனின் வாரிசு மாராத்தாள் இங்கே தைத்த பனியன்களில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்க்கிறார். சுவடியை அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தை அவரிடம் நீட்டுகிறேன். அதில் பேனா மை மறைந்து, எழுத்துகளில் ஏறிய விளக்குக்கரி மட்டும் கறுப்பாக நிற்கிறது.

நான் விளக்கத் தொடங்குமுன் அவர் சிரிக்கிறார். "கலர் ஒத்துப் பாக்குற எங்க லைட் பாக்ஸ் கதைதானுங்க. டியூப்லைட்டுல ரெண்டு துணியும் ஒரே கலராத் தெரியும். லைட்ட மாத்துனா குட்டு ஒடஞ்சுருமுங்க."

பெயரை விரலால் தொட்டு இருமுறை படிக்கிறார். "எங்க பாட்டன் வெட்டுன கொளம்னு அப்பன் சொன்னப்ப, பண்ணாடி ஊட்டுல சிரிச்சாங்க. சரி, மையப் பூசுனது யாருன்னு எந்த லைட்டுல தெரியுமுங்க?"

"நான்தானம்மா."

மேசையிலிருந்த பேனாவை என்னிடம் நீட்டுகிறார். "அதையும் எழுதுங்க சாமி."

படத்தின் ஓரத்தில் என் பெயரை எழுதுகிறேன். துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, என் பெயருக்கு நேராக ஒட்டுகிறார். பிறகு அடுத்த பனியனை எடுக்கிறார்.