தாட்டு வைத்த படகு

மட்டக்களப்புக் கோட்டை மதிலோரத்து இறங்குதுறையில் உல்லாசப் படகு ஓட்டிப் பிழைத்தவர் பஸ்தியாம்பிள்ளை. மீன்பிடிக்கிறவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகக் கணக்கெடுத்ததேயில்லை. “சனத்தை ஏத்தி இறக்குறதும் ஒரு தொழிலா” என்பார்கள். அவர் அதற்கெல்லாம் முகம் கொடுப்பதில்லை. வெள்ளைப் படகு, நீலக் கரை, மேலே கன்வஸ் பந்தல், காத்தான்குடியில் துணி எடுத்துத் தைத்த மெத்தை இருக்கைகள். பெயர் ஸ்டெல்லா. வெள்ளைக்காரரையும் கொழும்பு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தடியில் போய் நிறுத்துவார். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் பிடியில் காதை வைக்கச் சொல்வார். அந்த ஆற்று மீன்கள் பாடும் என்று பேர்; பாட்டுக் கேளாதவர்களும் கேட்டதென்று தலையாட்டிவிட்டுத்தான் எழும்புவார்கள். பிறகு வெளிச்சவீடு, ஒல்லாந்தர் கப்பல் வந்த கதை. அந்தக் கதையில் சொல்லச் சொல்லக் கப்பல்கள் கூடிக்கொண்டே போகும்.

“என்னைக் கட்டின நாளில இருந்து ஒரு சீலை விரும்பி எடுத்துத் தந்திருக்கிறீங்களா? உங்கட ஸ்டெல்லாவுக்கு மட்டும் வருசத்துக்கு வருசம் புதுப் பூச்சு” என்று அவர் மனைவி எமிலி குத்திக்காட்டுவாள். அதிலும் நியாயம் இருந்தது.

சண்டை தொடங்கியதும் வெள்ளைக்காரர் வரத்து நின்றது. பாலத்தில் ஆமிக் காவலரண் முளைத்தது. எஞ்சினைக் கழற்றி முகாமில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். கிடைத்த கூலி வேலைக்குப் போனார். ஆனாலும் விடிந்தால் எழும்பிப்போய் ஓடாத படகைத் துடைத்துவிட்டு வருவார். கேட்டால், சும்மா கிடந்தாலும் அழுக்குப் படியும்தானே என்பார்.

தொண்ணூறாம் ஆண்டோடு எல்லாம் முற்றிப்போயிற்று. மேற்கே படுவான்கரை இயக்கப் பொடியன்களின் கையில், கிழக்கே எழுவான்கரை ஆமியின் கையில், நடுவில் ஆறு. பத்துப் பேர் ஏறக்கூடிய படகென்றால் இரண்டு பக்கத்துக்கும் அதில் கண். மாரி பிடித்த நேரம், பெரிய படகுகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒப்படைத்த எதுவும் திரும்பி வந்ததாக யாரும் கண்டதில்லை.

“குடுத்திடுவமே” என்றாள் எமிலி. “உங்களுக்கு ஒண்டு ஆனா நான் எங்க போறது?”

“எஞ்சினையும் குடுத்தாச்சு. இதையும் குடுத்தா மறுகா நான் ஆரு எமிலி?”



ஓடாத படகை வெயிலில் விட்டால் பலகை வெடிக்கும். கல்லேற்றித் தண்ணீருக்குள் தாட்டு வைத்தால் பலகையும் கெடாது, எவர் கண்ணிலும் படாது. ஆற்றோரத்துச் சனம் காலகாலமாகச் செய்கிற வேலை அது. எதிர்க்கரை தெரியாமல் மழை ஊற்றிய ஒரு பின்னேரம், இரண்டு பேருமாய் ஸ்டெல்லாவை வீட்டின் பின்னால் கண்டல் பற்றைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பெயரைச் சுரண்டி எடுத்தார். எமிலி கல் எடுத்துக் கொடுக்க, அவர் அடுக்கினார். தக்கையைப் பிடுங்கியதும் படகு மெல்ல அமிழ்ந்தது. தண்ணீர் அவர் கழுத்துக்கு நின்றது. இனிப் பயமில்லை என்றார்.

அங்கேதான் மனுசன் பிழை விட்டார். மாரியில் ஆறு பெருகி வயல் வட்டைக்குள் தண்ணீர் ஏறினால், பயிர் அழுகிப்போகும் என்று முகத்துவாரத்து மண்திட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விடுவார்கள். வெட்டினால் ஆறு மளமளவென்று இறங்கும். பிறந்ததிலிருந்து பார்த்தவர்தான். ஆனால் இந்தச் சண்டைக்குள் அந்தப் பக்கம் யார் மண்வெட்டியோடு போகப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். வயற்காரர்கள் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து, அனுமதி வாங்கி வெட்டினார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, குறை சொல்ல முடியாது.

காலையில் கிணற்றடிக்குப் போன எமிலி திரும்பி ஓடி வந்தாள். “இஞ்ச வந்து பாருங்க” என்றாள். கண்டலுக்கு நடுவில் ஸ்டெல்லா பாதி உடம்பு வெளியே தெரியக் கிடந்தாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டுவதற்குள் ரோந்து வந்துவிட்டது.

அந்த ஒழுங்கையில் குடியிருந்த ஆம்பிளைகள் எல்லோரையும் கரையில் நிறுத்தினார்கள். “இது யாரு போட்?” என்று அதிகாரி கேட்டார். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் புண்ணியத்தை மறக்கக்கூடாது. அதிகாரி பஸ்தியாம்பிள்ளையின் முன்னால் வந்து நின்றார்.

“உன் வீட்டுப் பின்னாலதான் கிடக்கு. யாரு போட்?”

“தெரியா ஐயா.”

“உன் போட் இல்லையா?”

“எனக்குப் போட் இல்ல ஐயா.”

உடைக்கச் சொன்னார் அதிகாரி. அயலவர்கள் கோடரியோடு இறங்கினார்கள். கொத்துகிறவர்களுக்கும் மனமில்லை, கண்ட கண்ட இடத்தில் கொத்தினார்கள். படகு சிராய் சிராயாய்ப் பிய்ந்ததே தவிர உடைந்து கொடுக்கவில்லை. பஸ்தியாம்பிள்ளையால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவரின் கோடரியை வாங்கி, அடிமரமும் விலா மரமும் பொருந்துகிற இடத்தில் ஓங்கிப் போட்டார். ஸ்டெல்லா வாய் பிளந்து இரண்டாய் விழுந்தாள்.

அதிகாரி கிட்ட வந்தார். “இந்தப் போட் உனக்குத் தெரியும்.”

“எல்லாப் போட்டும் அந்த இடத்திலதான் பிளக்கும் ஐயா.”

 அதிகாரி கையசைத்துப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மனுசன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதார். எமிலி பிளேன்டியோடு பக்கத்தில் வந்து இருந்தாள். “ராயப்பரே யேசுவைத் தெரியாதெண்டு சொல்லித்தான் தப்பினவர். நீங்க எம்மாத்திரம். எழும்பி ஒள்ளம் குடிங்க” என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை சுற்றிவளைப்பு, எத்தனை சோதனைச் சாவடி. ஆற்றோரத்து ஆள் என்றால் முதல் கேள்வியே அதுதான். போட் இருக்கா? இல்ல ஐயா. முந்தி இருந்ததா? இல்ல ஐயா. ஓட்டத் தெரியுமா? தெரியா ஐயா. கேட்டவர்கள் மாறினார்கள், சீருடைகளும் மாறின. சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்தே போயிற்று.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். பாதை திறந்தது, வெள்ளைக்காரரும் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் ஹெக்டர் என்று ஒருவன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். ஆற்றங்கரையில் புதிதாய் எழும்பிய ஹோட்டலின் முகாமையாளன், மரியாதையான பிள்ளை.

“ஐயா, நாங்க படகுத்துறை ஒண்டு கட்டியிருக்கிறம். உல்லாசப் போட்டும் வந்திட்டுது. முந்திக் கோட்டையடியில போட் ஓட்டின பஸ்தியாம்பிள்ளை ஐயா நீங்கதானே? உங்களப்போல ஒராள்தான் எங்களுக்கு வேணும்.”

இந்த வார்த்தைக்காகத்தானே மனுசன் இத்தனை வருசம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எமிலி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். பஸ்தியாம்பிள்ளை எழும்பி நின்றார். கைகள் தாமாகவே உடம்போடு ஒட்டிக்கொண்டன.

“இல்ல ஐயா. எனக்குப் போட் இல்ல” என்றார்.

ஆள் மாறி வந்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெக்டர் போனான். மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கில் தேய்ந்தது.

“உங்களத்தானே தேடி வந்தது. ஏன் அப்பிடிச் சொன்னீங்க?” என்றாள் எமிலி.

“தெரியும். வாயில அதுதான் வந்திச்சு” என்றார்.