ஒரு சாண் தண்ணீர்

காத்திருப்பதற்கே சம்பளம் வாங்கிய அந்த மனிதரிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்கு லாக்கில் வேலை. லாக்கு என்றால், அணையை ஒட்டி, இரண்டு ஜோடிக் கதவுகளுக்கு நடுவே ஒரு நீளத் தொட்டி. கீழாற்றிலிருந்து வரும் படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பி, மேலாற்றின் மட்டத்துக்கு உயர்த்தி அனுப்ப வேண்டும். தொட்டி நிரம்ப அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் அவர் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார். படகுக்காரர்கள் வைத்த பெயர் ‘வெடி’. இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் கால் வைத்ததும் இல்லை.

கதவு விஷயத்தில் மட்டும் வெடிக்கு அவசரமே வராது. கதவுக்கு மேல்புறம் ஒரு காய்ந்த இலையைப் போடுவார். அது கதவை நோக்கி இழுபட்டால், தண்ணீர் இன்னும் சமமாகவில்லை என்று அர்த்தம். அசையாமல் நின்றால் திறப்பார். கதவின் இரு பக்கமும் சுவரில் நீர்மட்டம் காட்டும் அளவுப்பலகைகள் இருக்கின்றன. போன வெள்ளம் ஒன்றைப் பிடுங்கிப் போக, ஒப்பந்தக்காரர் புதுப் பலகையை ஒரு சாண் தப்பாக அடித்துவிட்டார். வெடி மூன்று முறை எழுதிக் கொடுத்தார். பதிலாக வந்தவை, படகுகளைத் தாமதப்படுத்தியதற்கு இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலையோடு லாக்கோரத்துக் குடியிருப்பும் போய்விடும்.

கதவைத் திறக்கப் புதிதாகப் பொருத்திய மோட்டாரைப் பார்க்கப் பொறியாளர் படகில் வந்தார்.

“பலகையில ரெண்டு பக்கமும் ஒரே நம்பர். திறங்க.”

“பலகை பொய் சொல்லுது சார். இலையைப் பாருங்க, ஓடுது.”

“இலை என்ன, டிப்பார்ட்மென்ட் ஆளா?”

“உங்க பலகையைவிட ஒழுங்கா வேலை செய்யுது.”

பின்னால் நின்ற படகுக்காரர்கள் சிரித்துத் தொலைத்தார்கள். பொறியாளரின் காது சிவந்தது.

“மூணாவது மெமோ வேணுமா?”

“குடுங்க. கதவை மட்டும் தொடாதீங்க!”

பொறியாளர் தாமே கரையேறிப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் முனகியது. ஆறே சாய்ந்திருந்த கதவு இம்மியும் நகரவில்லை. சக்கரத்தின் பற்கள் படபடவென்று தெறித்தன. ஒன்பது நாள் ஒரு படகும் ஏறவில்லை. தக்காளிப் படகின் நாற்றம் கடைத்தெரு வரை வந்தது.

பத்தாம் நாள் அலுவலக குமாஸ்தா ஒரு காகிதத்தோடு வந்தார். மோட்டாரை இயக்கியவர் லாக்குக்காரர் என்றது அது.

“கையெழுத்துப் போட்டுடுங்கண்ணே. பதினஞ்சு நாள் சஸ்பென்ஷனோட முடிச்சிடலாம்னு ஐயா சொல்றாரு. வீடும் உங்களுக்கே.”

“அமுக்குன விரல் யாரோடதுன்னு உங்க ஐயாவுக்குத் தெரியாதாமா?”

“தெரியும்ண்ணே. அதனாலதான் வெறும் பதினஞ்சு நாள்.”

வெடி பேனாவைப் பிடுங்கினார். அமுக்கியவர் பொறியாளர், தடுத்தவன் நான் என்று, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதிக் கையெழுத்திட்டார். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

“அந்தாளு பேரை முழுசா எழுதினீங்களா?”

“இனிஷியலோட.”

“பலகை அடிச்சவன் பேரு?”

“இடம் பத்தல.”

“பின்பக்கம் காலியாத்தானே இருந்துச்சு!” என்று எரிந்துவிழுந்துவிட்டு, பரணிலிருந்து பெட்டிகளை இறக்கப் போனாள்.