டாக்டரிடம் நான் சொன்ன கோளாறு

அப்பாவுக்கு மூளையில் சின்ன அடைப்பு. கை கால் விழவில்லை, பேச்சும் குழறவில்லை. பிழைத்தோம் என்று நினைத்திருந்தபோதுதான் சாப்பாட்டு நேரத்தில் ரகளை ஆரம்பித்தது.

பாலக்கரையில் அரிசிக் கடை வைத்திருந்தவர். அம்மா போன பிறகு ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருக்கிறார். அவர் தட்டில் விழுந்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கும் எனக்கும். வால் துண்டு என் மனைவிக்கு, அதுவும் நாங்கள் எழுந்த பிறகு. இப்படி என்று யாரும் சட்டம் போடவில்லை. எனக்கு வசதியாக இருந்தது, நான் கேள்வி கேட்கவில்லை.

அடைப்பு வந்த பிறகு அதே மனிதர், மருமகள் உட்காராமல் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றார். அவள் உட்கார்ந்தால் எல்லோர் தட்டையும் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் என் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் போட்டு, "அவ மட்டும் என்ன எளக்காரமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலை நரைத்த வயதில் ஒரு மீன் துண்டுக்குக் கோபம். அவள் தலை குனிந்தபடி சாப்பிட்டாள். அவளுக்கும் சங்கடம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்கு மூவரும் ஆட்டோவில் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடவடிக்கையில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். நான் அடுக்கினேன்: சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார், குழாயை மூட மறக்கிறார், விற்றுவிட்ட கடையைத் திறக்கக் கிளம்புகிறார். அதே மூச்சில், "சாப்பாட்டுல எல்லாருக்கும் சமமா வைக்கணும்னு அடம் பிடிக்கிறார் சார்" என்றேன். டாக்டர் அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

பங்கு சமமாக இல்லாவிட்டால் உறுத்துவது மூளையின் இயல்புதான் என்றார் டாக்டர். நமக்கே அதிகம் கிடைக்கும்போது அந்த உறுத்தலை அமுக்கி வைக்கப் பழகிவிடுகிறோம். அப்பாவுக்கு அமுக்கி வைக்கிற இடத்தில் அடி பட்டிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, போகப் போகச் சரியாகலாம் என்றார். நான் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

அதுவரை வாய் திறக்காத என் மனைவி கேட்டாள்: "அந்தச் சாப்பாட்டு விஷயமும் சரியாயிடுமா டாக்டர்? அது மட்டும் அப்படியே இருந்துட்டா பரவாயில்லையா?"

எனக்குக் காது வரை சுட்டது. நான் நோய் என்று சொன்னதை விட்டுவைக்கும்படி அவள் ஒரு வேற்று மனிதரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பதே என் மண்டையில் ஏறவில்லை.

அப்பா தேறிவிட்டார். இப்போது தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறார். போன மாதம் ஒரு ஞாயிறு, தன் நடுத்துண்டைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்; மருமகள் உட்கார்ந்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பழையபடி அடுப்படியில் நின்றாள். நான் பெரிய மனது பண்ணி, என் துண்டை ஒதுக்கி வைத்து, வந்து உட்காரச் சொன்னேன்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள். "மாமா சொன்னப்ப உரிமையா உக்காந்தேன். நீங்க சொன்னா, ஆஸ்பத்திரியில அதை நோய்னு சொன்னதுதான் காதுல விழுது."

குரலில் கோபம்கூட இல்லை. பசித்தது, அந்தத் துண்டையும் சாப்பிட்டேன்.