ஒன்றும் நடக்காத ஆட்டம்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்போல் எம்மாத்திரம் என்பது ரொறன்ரோவுக்கு வந்த நாள் முதல் என் திமிர். மகள் பள்ளிக்கூட அணியில் பந்தெறிந்த காலத்தில்கூட, ஓவர்ரைம் வேலையைச் சாட்டி ஒரு ஆட்டமும் பார்க்காதவன் நான். பிறகு அவள் வேலைக்குப் போய், தன் பிறந்தநாளுக்கு இரண்டு ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் எறிஞ்சதைத்தான் பாக்கேல்லை. இதையாவது என்னோட கடைசி மட்டும் இருந்து பாருங்கோ அப்பா."

ஓம் என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

வெளியூரிலிருந்து வந்த அணியில் ஒரு நெடியவன் பந்தெறிந்தான். எங்கள் ஆட்கள் வந்தார்கள், மட்டையை வீசினார்கள், திரும்பிப்போய்க் குந்தினார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் பொரித்த கிழங்கை முடித்தேன். ஆறாவதில் கண்ணயர்ந்தேன். விழித்துப் பார்த்தபோதும் எங்கள் பக்கம் முட்டைதான். சுற்றியிருந்த சனம் பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல் வாய் திறக்காமல் இருந்தது. பாவம், இவர்களுக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். என் விளையாட்டு அறிவு அவ்வளவுதான்.

எட்டாவது முடிய எழும்பினேன். "வெளிக்கிடுவம் பிள்ளை. இப்ப போனால் வீட்டுக்குப் போற பிக்கரிங் ரெயினில சீற் கிடைக்கும்."

"இன்னும் ஒரு இன்னிங்ஸ்தான். ப்ளீஸ் அப்பா, இருங்கோ."

"ஏன், என்ன நடக்கப்போகுது? சொல்லு, இருக்கிறன்."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.

ரயிலில் எனக்கு ஜன்னல் சீற்றே கிடைத்தது. அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று பெட்டியில் இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அவன் நோ-ஹிற்றர் எறிஞ்சிட்டான் அப்பா. மட்ச் முழுக்க எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் ஒரு அடியும் குடுக்கேல்லை. எறியிற ஆளுக்கு வாழ்நாளில ஒருக்கா வந்தாலே பெரிசு. நான் கனவுகூடக் கண்டிருக்கிறன்."

"உதை அங்கயே சொல்லியிருக்கலாமே!"

"முடியும் மட்டும் அதை ஒருத்தரும் வாயால சொல்லமாட்டினம். சொன்னால் கெட்டுப்போகும். எனக்கு யூனிவர்சிற்றிக் கடிதம் வாற வரைக்கும், நாவூறு படும் எண்டு மாமியிட்டைகூடச் சொல்ல விடாதது ஆர்?"

நான்தான். புதுக் காருக்குத் தேசிக்காய் கட்டியதும் நான்தான். ஒரு அரங்கமே நாவை அடக்கி இருந்திருக்கிறது. அதன் நடுவில் இருந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவனின் அதிர்ஷ்டம் கெடக்கூடாதென்று, என் பிள்ளை தன் ஆசையை விழுங்கிக்கொண்டு என் பின்னால் வந்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் கொடுக்க என்னால் முடியவில்லை.

கொடுப்பதற்கு என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை. "இஞ்சால வா பிள்ளை, ஜன்னல் பக்கம் இரு," என்றேன்.

"வேண்டாம் அப்பா," என்றாள் அவள். "நீங்கள் உந்தச் சீற்றுக்குத்தானே வந்தனீங்கள்."