தரையை மூடிய சனிக்கிழமை

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். இத்தனை காலத்தில் அவர் ஒழுங்காகப் பழகிய வேலை ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது. ஆனால் டோர்ட்மண்டில் எந்தத் தமிழர் வீடு வாங்கினாலும் துளைபோடும் மெஷினோடு முதல் ஆளாக வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. சொன்னால் சொந்தம் முறியும், சொல்லாவிட்டால் சுவர் கோணும். எங்கள் சனம் எப்போதும் சுவரைத்தான் விட்டுக்கொடுக்கும்.

நாங்கள் வாங்கியது சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த பழைய வீடு. மேல்மாடித் தரைப் பலகையைக் கழற்றியபோது மர உத்திரங்களுக்கு நடுவில் யாரோ எப்போதோ கொட்டிய சாம்பலும் கரிக்கட்டியும் கிடந்தன. அதை அள்ளிவிட்டுக் குளிர் தடுக்கும் பஞ்சை நிரப்ப வேண்டும். மேலே மகளின் அறை, கீழே ஹோல். ஹோலின் சீலிங்கில் அத்தான் ஏற்கெனவே, முதுகு அந்த உத்திரங்களுக்கு நடுவில் நீட்டி நிற்க, பன்னிரண்டு ஹாலோஜன் விளக்குகளைப் பதித்திருந்தார். கல்யாண மண்டபம் தோற்றது.

வயர்களைப் பார்க்க எலக்ட்ரிஷியன் செவ்வாய்க்கிழமைக்குத்தான் டெர்மின், வருகிற நேரம், தந்திருந்தான். புதுவீடு குடிபூரலுக்கு ஐயர் குறித்துத் தந்தது அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.

"தரை திறந்து கிடக்கிற வீட்டில பால் காய்ச்சக் கூடாது. சனிக்கிழமையே மூடிவிடுவம்," என்று அத்தான் தீர்ப்பளித்தார்.

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர். அவருடைய தலை ஆட்டுவதற்கென்றே படைக்கப்பட்டது.

சனிக்கிழமை அத்தான் வேறொருவர் வீட்டில் மிஞ்சிய ஆறு பைகளோடு வந்தார். பழைய பேப்பரை அரைத்துச் செய்த பஞ்சு. முகத்துக்கு மாஸ்க் இல்லை, பெனியனோடு இறங்கினார். உத்திரத்தில் கால் வைக்கத் தெரியாமல் நடுவில் மிதித்ததில் கீழே ஹோலில் ஒரு துண்டு சாந்து விழுந்தது. "பழைய வீடெண்டால் அப்பிடித்தான்," என்றார். மிதித்தது பழைய வீடு என்று நினைத்தாரோ என்னவோ.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மருந்துத் தாளை வாசிக்காமல் ஒரு குளிசை கொடுக்க மாட்டேன். பையின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: சூடாகும் விளக்குகளின் மேல் இதைக் கொட்டாதே, சுற்றிலும் இடைவெளி விடு, இல்லாவிட்டால் கனன்று தீப்பிடிக்கும்.

"அத்தான், லைற்றுக்கு மேல போடக் கூடாதெண்டு எழுதிக் கிடக்கு."

"பிள்ளை, அது அவங்கள் கோட்டு வழக்குக்குப் பயந்து எழுதிறது. நான் எத்தினை வீடு செய்தனான், ஒண்டாவது எரிஞ்சதே?"

என் கணவர் சிரித்தார். எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. இரண்டாம் தரம் நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெர்மன்கார எலக்ட்ரிஷியன் வந்து பலகையைக் கிளப்பி இவரை நாலு கேள்வி கேட்கட்டும், அதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். அத்தான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலால் தள்ளி நிரப்பிப் பலகையை அடித்து மூடினார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கியது. பன்னிரண்டு விளக்கும் காலையிலிருந்து எரிந்தன. வந்த சனமெல்லாம் அண்ணாந்து பார்த்துப் புகழ, அத்தான் நடு ஹோலில் புதுமாப்பிள்ளை போல் நின்றார். அன்றைக்கே நாங்கள் குடிவந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அத்தானையும் மறக்காமல் வரச் சொன்னேன். எலக்ட்ரிஷியன் சீலிங்கை ஒருமுறை பார்த்தான், மேலே என்ன போட்டீர்கள் என்று கேட்டான், பதிலைக் கேட்டதும் படியேறி ஓடினான். மகளின் கட்டிலை இழுத்துவிட்டு ஒரு பலகையைக் கிளப்பினான். விளக்கைச் சுற்றிப் பஞ்சு சோற்றுக் கோப்பை அளவுக்குக் கருகியிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. கீழே போய் மெயினை நிறுத்திவிட்டு வந்தான். அத்தானின் முகம் செத்துப்போனது. அரை நிமிடம் எனக்கு அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"இங்கே யார் படுக்கிறது?" என்று கேட்டான்.

"மகள். இப்போது பள்ளிக்கூடத்தில்," என்றேன்.

"எத்தனை இரவு படுத்தாள்?"

"இரண்டு."

"பையிலேயே எழுதியிருக்குமே. வீட்டில் ஒருவருமா வாசிக்கவில்லை?"

அத்தான் உடைந்த ஜெர்மனில் தனக்கு ஜெர்மன் வாசிக்க ஏலாது, வாசிக்காமலே கொட்டிவிட்டதாகச் சொன்னார். அந்த மனிதர் உண்மையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நான் வாசித்தேன்," என்றேன். "மூடுவதற்கு முன்பே."

எலக்ட்ரிஷியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, இனி என்ன செய்ய வேண்டும் என்பதை அத்தானுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினான்.